ஆண் வீரை

மூன்று வருஷம் ஓர் ஆண் மரத்தடியில் பழத்துக்காகக் காத்திருந்தவன் நான். விதை பொறுக்கிப் பிழைப்பவன் இதை வெளியில் சொல்லக் கூடாது. ஆனால் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மரத்தடியில் தெரிந்துகொண்டது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஓர் அய்யனார் கோயில் காடு. ஊர்ப் பெயர் வேண்டாம். பின்னால் அந்த ஊர்க்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன். நாலு ஏக்கர் இருக்கும். மண்குதிரை வரிசையைத் தாண்டிவிட்டால் நடுப்பகலிலும் வெயில் தெரியாது. அங்கே ஒரு வீரை மரம். பல மரங்களைச் சேர்த்து முறுக்கிப் பிழிந்ததுபோல அடிமரம் முழுக்க மடிப்பும் பள்ளமுமாக இருக்கும். நாலரை அடி உயரத்தில் நாடாவைச் சுற்றினால் ஒன்பது அடிக்குச் சற்று மேல். பள்ளங்களின் மேலே நாடா பாலம் போட்டுக்கொண்டு போகும் என்பதால் அந்தக் கணக்கை நான் முழுசாக நம்புவதில்லை. உயரம் என்று பார்த்தால் முப்பத்தைந்து அடி தேறாது. பக்கத்துத் தெருவில் இருபது வருஷத்துத் தூங்குமூஞ்சி மரம் இதைவிட உயரம்.

காட்டிலேயே பருத்த வீரை அதுதான். நல்ல தாய்மரம் வேண்டுமென்றால் பெரிய மரத்தைப் பிடி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 1996, 97, 98 என மூன்று கோடையும் போய் உட்கார்ந்தேன். மற்ற வீரைகளில் சிவப்புப் பழம் கொத்துக் கொத்தாக வரும், குருவிகள் சண்டை போடும். இதில் ஒன்றும் இல்லை. மூன்றாம் வருஷம் பூசாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னாத்துக்கு தம்பி வருஷா வருஷம் வந்து ஒக்கார்ற?”

“இந்த வீரை எப்ப காய்க்கும் ஐயா?”

“அது ஆண் மரம். எங்க தாத்தா காலத்துலயே காச்சதில்ல.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“நீ கேக்கலியே. நெழலுக்கு வர்றேன்னு நெனச்சேன்.”

பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீரையிலும் அப்படித்தான் என்பது பத்து வருஷம் நாற்றுப்பண்ணையில் கிடந்த எனக்குத் தெரியவில்லை. கருங்காலியும் இரும்பிலியும்கூட அநேகமாக இந்த வகைதான். பெண் மரம் காய்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் எங்காவது ஆண் பூத்திருக்க வேண்டும், நடுவில் போய்வர ஈயோ தேனீயோ இருக்க வேண்டும். அந்தக் காட்டில் சுற்றியிருந்த பெண் மரங்கள் கொத்துக் கொத்தாகக் காய்த்ததில் அந்தக் கிழவனுக்குப் பெரும் பங்கு இருந்திருக்கும். நான்தான் அதன் மடியில் உட்கார்ந்துகொண்டு பழம் தேடியிருக்கிறேன்.

நான் காட்டுக்காக வந்தவன் இல்லை, சப்போட்டாவுக்காக வந்தவன். 1986-ல், பத்தொன்பது வயதில், ஒரு பண்ணையில் கூலிக்குச் சேர்ந்தேன். சப்போட்டாவை விதை போட்டு வளர்த்தால் காய்ப்புக்கு வருவதற்குள் நட்டவன் கிழவனாகிவிடுவான், தாயின் குணமும் அப்படியே வராது. அதனால் உலக்கைப் பாலைக் கன்றில் ஒட்டுக் கட்டுவார்கள். சப்போட்டா அமெரிக்கக் கண்டத்து மரம். பாலை நம் கீழைக் கடற்கரைக் காட்டு மரம், உலக்கை செய்கிற அளவுக்கு வைரம் பாய்ந்தது. இரண்டும் ஒரே குடும்பம், அதனால் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். பாலைக் கொட்டை போட்டு, கன்று பென்சில் கனம் வர இரண்டு வருஷம் காக்க வேண்டும். பிறகு சப்போட்டா மரத்தைச் சுற்றிப் பரண் கட்டி, தொட்டியோடு கன்றைத் தூக்கி வைத்து, இரண்டு பக்கமும் சீவி, கிளையோடு சேர்த்துக் கட்டுவோம். ஒட்டுப் பிடித்ததும் பாலையின் தலையை வெட்டி எறிய வேண்டும். ஆயிரக்கணக்கில் என் கையால் வெட்டியிருக்கிறேன். நீங்கள் தின்ற கிரிக்கெட் பால், பிகேஎம் 1, எதுவாக இருந்தாலும் அதன் அடியில் அநேகமாகத் தலையில்லாத ஒரு பாலை நிற்கிறது.

கொட்டை வாங்கக் கோடியக்கரை வரை போவோம். அங்கே காடு என்றாலே பாலைதான். பருவத்தில் பாலைப்பழம் விற்பார்கள். தின்றால் உதட்டில் பிசின் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க விடாது. மூட்டை மூட்டையாகக் கொட்டை வாங்கியும், அது எந்த மரத்துக் கொட்டை, அந்த மரம் எப்படி இருந்தது என்று பண்ணையில் ஒருவரும் கேட்டதில்லை. வேருக்காக மட்டும் வளர்ப்பது, வம்சம் எதற்கு?

1994-ல் ஆரோவில் பக்கத்தில் காடு வளர்ப்பவர் ஒருவர் வந்து, “தலை வெட்டாத பாலை இருநூறு வேண்டும்” என்றார். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நட்டு வளர்த்த எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பாலையைப் பாலையாகவே ஒருவர் கேட்கிறார்.

ஆரோவில் இருக்கும் அந்த மேட்டு நிலத்தின் கதை பலருக்குத் தெரியும். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அங்கே செம்மண் ஓடைகளாக அறுந்து கிடந்தது. மண்ணைப் பிடித்து நிறுத்த முதலில் ஆஸ்திரேலியக் கத்திச் சவுக்கை வைத்தார்கள். அந்த நிழலில் பிறகு இந்தக் கரைக்கே உரிய மரங்களைக் கொண்டுவர ஆசைப்பட்டார்கள். இந்தக் காட்டு வகைக்கு வறண்ட பசுமைமாறாக் காடு என்று புத்தகப் பெயர். சாம்பியன் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி 1936-ல் இந்தியா, பர்மா காடுகளை வகை பிரித்தபோது கொடுத்த பெயர். மழையெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதமெல்லாம் காய்ச்சல்தான், ஆனாலும் இலை உதிராது. சோழமண்டலக் கரையை ஒட்டி ஒல்லியான பட்டையாக இருந்த காடு. வயலும் முந்திரியும் சவுக்கும் வந்த பிறகு அய்யனாருக்குப் பயந்த இடங்களில் மட்டும் மிஞ்சியது. கீழ்ப்புத்துப்பட்டு, திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் என்று நான் விதைக்காக ஏறி இறங்கிய இடமெல்லாம் சாமி காடுதான்.

சாமி காட்டில் விதை எடுப்பது லேசான காரியமில்லை. ஒரு சுள்ளியை எடுத்தால் வீட்டில் யாருக்காவது கண் போகும் என்பார்கள். அந்தப் பயம்தான் இவ்வளவு காலம் மரத்தைக் காத்தது என்பதால் அதை நான் கேலி செய்வதில்லை. பூசாரியிடம் முதல் நாள் கேட்டபோது அவர் நேரடியாக உத்தரவு தரவில்லை. “மரத்துல இருக்கறது சாமிது. கீழ வுழுந்தது குருவி, வௌவாலு, மரநாயிது. அதுங்களுக்குப் போவ மீதி இருந்தா எடு” என்றார். அன்றிலிருந்து அதுதான் என் சட்டம். விடியலில் போய்த் தரையில் கிடப்பதை மட்டும் எடுப்பேன், அதிலும் பாதிக்கு மேல் எடுப்பதில்லை. பிறகு தெரிந்தது, பூசாரி சொன்ன மூன்று பேரும் என்னைவிட நல்ல விதைக்காரர்கள் என்று. மதில்மேல் மரநாய் போட்ட எச்சத்தில் கொட்டைகள் கழுவித் துடைத்ததுபோல் சதையில்லாமல் கிடக்கும். முதலில் கூச்சப்பட்டேன். இப்போது அதற்கென்று ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.

நாவல் கொட்டையைக் காய வைத்துப் பத்திரப்படுத்தினால் செத்துவிடும். சதையை அலசின ஈரத்தோடு மண்ணுக்குப் போக வேண்டும். கொன்றையோ வருஷக்கணக்கில் டப்பாவில் கிடக்கும், ஓட்டை உரசிக் காயப்படுத்தினால்தான் கண் திறக்கும். இந்தப் பாடமெல்லாம் எங்கள் பண்ணையில் விதை பிரிக்கும் ஆயாவிடம் கேட்டது. அவருக்கு எழுதத் தெரியாது. ஒவ்வொரு மரத்து விதைக்கும் ஒவ்வொரு நிறத்து நூலைக் கட்டி வைப்பார். நான் நூலைப் பார்த்து நோட்டில் எழுதுவேன்: மரத்து எண், காடு, தேதி. பைக்கான கலவை: இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு தொழுவுரம், அதோடு தாய்மரத்தடி மண் ஒரு கை. அந்த ஒரு கை மண்ணில் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை வருகிறது என்று பிறகு படித்தவர்கள் சொன்னார்கள். ஆயா சொன்ன காரணம் வேறு: “பொறந்த வூட்டு மண்ணு கொஞ்சம் வேணும்டா.”

ஆண் வீரை பாடம் படித்த பிறகு என் தேடல் மாறியது. பெரிய மரத்தை மட்டும் தேடுவதை விட்டேன். வரப்பில் ஒற்றையாக நிற்கும் பெரிய மரம் சில வருஷம் வண்டி வண்டியாகக் காய்க்கும், எடுக்கவும் சுலபம். ஆனால் அது, பக்கத்தில் தன் இனம் இல்லாத மரம் தன் மகரந்தத்தையே தனக்குப் போட்டுக்கொண்டு வந்த விதையாக இருக்கலாம். அப்படி வந்த கன்றுகள் பாத்தியிலேயே சோகையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஓர் இனத்துக்குப் பத்துத் தாய்மரமாவது வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நாலு ஏக்கர் காட்டில் பத்து கிடைக்காது. அதனால் காடு காடாகப் போய்க் கலக்க வேண்டும். பெரிசு வேண்டும்தான். இத்தனை பஞ்சத்தையும் புயலையும் தாண்டி நின்ற உடம்பு அது, பழமும் பறவையும் அதைச் சுற்றித்தான். ஆனால் அதன் அக்கம்பக்கத்தை விட்டுவிட்டு அதை மட்டும் பிரதி எடுத்தால் காடு வராது.

பெரிய மரத்தை வெட்டுகிறவனோடு நான் சண்டை போட்டது குறைவு. கும்பிடுகிறவர்களோடு போட்டதுதான் அதிகம். அந்தக் கோயிலுக்குத் திடீரென்று காசு வந்தது. வெளியூரில் சம்பாதித்தவர்கள் திருப்பணி என்று இறங்கினார்கள். ஒரு பெரிய மகிழத்தின் அடியில் மூன்று அடிக்கு மண்ணைக் கொட்டி, சுற்றி மேடை கட்டி, மேலே கிரானைட் போட்டார்கள். வேர் மூச்சுவிட வழியில்லாமல் அது ஆறு வருஷத்தில் உச்சியிலிருந்து காய்ந்து இறங்கியது. மரத்துக்கு வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சருகைக் கூட்டி எரிப்பது அடுத்த கைங்கரியம். சருகோடு விதையும், முளைத்த குஞ்சும் சாம்பல். காட்டில் கிழடுகள் மட்டும் நிற்கும். இடுப்பு உயரத்தில் ஒரு கன்று இருக்காது. பாதிக் காட்டில் மட்டுமாவது துடைப்பம் படாமல் விடுங்கள் என்று கேட்டேன். பூசாரி ஒத்துக்கொண்டார். கோயில் கமிட்டி, “பாம்பு வரும், பக்தர்கள் பயப்படுவார்கள்” என்றது. அய்யனார் காட்டில் பாம்புக்குப் பயப்படுகிற பக்தரை அதுவரை நான் கண்டதில்லை.

சமீபத்தில் கருங்காலி மாலை மோகம் ஒன்று வந்ததே, அப்போது ஒரு நாளைக்கு நாலு பேர் பண்ணைக்கு வந்தார்கள். கன்று வேண்டாம், கட்டை எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள். நான் கருங்காலி நிற்கும் காடுகளின் பெயரையே மறந்துவிட்டேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரை ஏறியது. கடலூர்க்காரர்களுக்கு அந்தத் தேதி மறக்காது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் ஒரே நாளில் படுத்துவிட்டன. ஆரோவில்லில் கத்திச் சவுக்குகள் வரிசை வரிசையாகச் சாய, அடியில் நட்டிருந்த நாட்டு மரங்கள் தலைக்கு மேல் வெளிச்சம் வந்து நின்றன. என் பண்ணை நிழல்வலையைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் போனேன். மூன்றாம் நாள்தான் கோயில் காட்டுக்குப் போக வழி கிடைத்தது. கிழவன் வீரை தெற்குப் பார்த்துக் கிடந்தான். ஒரு பக்கத்து வேர் வானத்தைப் பார்த்தது. மறுபக்கத்து வேர் இன்னும் மண்ணில் இருந்தது.

ஆலமரமாக இருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அடையாற்று ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-ல் காற்றில் சாய்ந்தது. விழுதுகள் நின்று மரத்தைக் காத்துக்கொண்டன. ஆலுக்கும் பூவரசுக்கும் ஒதியனுக்கும் போத்து வெட்டி நட்டால் போதும். வீரையின் போத்தை நட்டால் விறகுதான் கிடைக்கும். அந்த ஆண் மரத்திலிருந்து கன்று எடுக்கப் பல வருஷமாகவே முயன்றிருந்தேன். இந்த ஒரு மரத்துக்காக மட்டும் என் சட்டத்தை மீறி, உச்சிக் கிளைக் குச்சிகளை வெட்டி, வேர்ப் பொடி தொட்டு, மணலில் நட்டேன். விண்பதியம் கட்டினேன். முந்நூறு குச்சிக்கு மேல் வீணாக்கியிருப்பேன், ஒரு வேர் வரவில்லை. புயலுக்கு முந்தின வருஷம் பண்ணைக்கு வந்த ஒருவர், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து நாற்றுப்பண்ணைக்காரர் டேவிட் மிலார்க் பற்றிச் சொன்னார். கலிபோர்னியாவில் எப்போதோ வெட்டிப்போட்ட ராட்சச ரெட்வுட் மரங்களின் அடித்தூரில் வரும் துளிரை எடுத்து அவர் கன்று ஆக்குகிறாராம். எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். மரத்தில் வயசு உச்சியில்தான் ஏறுகிறது. அடித்தூருக்கு இளமை மிச்சம் இருக்கிறது. ஆனால் நிற்கிற சாமி மரத்தின் தூரில் துளிர் வர வைக்க அரிவாள் வைப்பது யார்?

புயல் வைத்துவிட்டது. ஆனால் கமிட்டி கட்டையை ஏலம் விடத் தேதி குறித்திருந்தது. வைரம் பாய்ந்த மரம், நல்ல விலை போகும், மண்டபத்துக்கு ஆகும் என்று கணக்கு. பூசாரி அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு, “வுழுந்தாலும் அது சாமி மரம். ஏலம் போட்டா நாளைலேர்ந்து வேற ஆளப் பாத்துக்குங்க” என்றார். ஏலம் தள்ளிப்போனது. பங்குனியில் தூரைச் சுற்றி வெளிர்ப்பச்சையாகத் துளிர் வந்தது.

அறுபத்து நாலு துளிர் எடுத்தேன். பனிக்கூடத்துக்கு எனக்கு வசதி இல்லை. தண்ணீர்க் கேனைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, ஒரு நாளைக்கு ஆறு தடவை புகையாய்த் தெளித்தேன். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். இருபத்திரண்டு வேர்விட்டன. பைக்கு மாற்றியதில் ஒன்பது தேறின. ஒன்பதும் அதே கிழவன்தான், ஒன்பதும் ஆண். ஒன்பதையும் ஒரே இடத்தில் நட்டால் ஒரு மரம் நட்ட கணக்குதான். இரண்டை அந்தக் கோயில் காட்டில், விழுந்த இடத்துக்கு இருபது அடி தள்ளி வைத்தோம். மிச்சத்தைப் பெண் வீரைகள் வளரும் வேறு வேறு இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். ஒன்றை என் பண்ணை வேலியோரம், 2000-ல் திருமாணிக்குழி விதையில் வந்த பெண் மரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

கோயிலில் வைத்ததில் ஒன்று இன்று இல்லை. ஆடு ஒரு தடவை மேய்ந்தும் துளிர்த்தது, அப்புறம் வாகன நிறுத்தத்துக்கு இடம் சமன் செய்தபோது போனது. இன்னொன்று என் தோள் உயரம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குத் தோள் உயரம் என்றால் யாருக்கும் பெருமையாக இருக்காது. குறுங்காடு போடுகிறவர்கள் இரண்டே வருஷத்தில் இருபது அடி காட்டுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஊருக்கு நிழல் வேண்டும். ஆனால் மரக்கன்று டெண்டர்களில் உயரம்தான் விலை. நாலு அடிக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்கள். இரண்டு வருஷத்து வீரை ஓர் அடியைத் தொட்டால் அதிகம். மண்ணுக்கு மேலே காட்டுவதற்கு முன்னால் கீழே வேரை இறக்கிக்கொள்கிற சாதி அது. அதனால் புங்கனும் மலைவேம்பும் வண்டி ஏறுகின்றன, வீரையும் பாலையும் காயாவும் பண்ணையில் கிடந்து பைக்குள் வேர் சுருட்டிக்கொள்கின்றன. சுருட்டிய வேரோடு நட்ட மரம் புயலுக்கு நிற்காது. அந்த மாதிரிக் கன்றுகளை நானே குழியில் போட்டு மூடியிருக்கிறேன்.

2023-ல் என் வேலியோரத்து ஆண் பூத்தது. சந்தன நிறத்தில் பொடிப்பொடியாகக் கிளையை ஒட்டிப் பூக்கும். தேனீ இரைச்சல் கேட்டுத்தான் தெரிந்தது. பூசாரிக்குப் போன் செய்தேன். இப்போது அவர் மகன்தான் பூசை பார்க்கிறார். அவர் போனை வாங்கி, “காச்சுதா?” என்றார்.

“அது ஆண் மரம் ஐயா.”

ரொம்ப நேரம் சிரித்தார்.

அடுத்த கோடையில் பக்கத்துப் பெண் மரம் காய்த்தது. சின்னான் குருவிகள் முந்திக்கொண்டன. தரையில் கிடைத்தது ஏழு கொட்டை. ஏழையும் போட்டேன், இரண்டு முளைத்தன. என் நோட்டில் எப்போதும் தாய்மரத்து எண் என்று ஒரே கட்டம்தான். இந்த இரண்டுக்காக மட்டும் பக்கத்தில் கோடு கிழித்து அப்பன் என்று ஒரு கட்டம் போட்டேன். பிறகு யோசித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் முந்திரித் தோப்பு ஓரத்திலும் ஒரு வீரை நிற்கிறது, அதுவும் ஆண்தான். தேனீ எந்த வழியாக வந்ததோ. கட்டத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

இரண்டும் இப்போது ஐந்து அங்குலம். போன மாதம் சாலையோரம் நட ஆயிரம் கன்று கேட்டு ஒரு கான்ட்ராக்டர் வந்தார். கையில் அளவுகோல் இருந்தது. பாத்தி பாத்தியாக அளந்துகொண்டு வந்தவர் இந்த இரண்டையும் தாண்டிப் போனார். அவரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.